பனம்பழமும் புயலும் விழும் ஊரில் கூரை தேர்ந்தெடுப்பது எப்படி? யாழ்ப்பாண வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி இரவு, கரவெட்டியில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் பனம்பழம் ஒன்று வந்து விழுந்தது. வேலியோரத்துப் பெண்பனையிலிருந்து சோளகக் காற்று உதிர்த்த பழம். அஸ்பெஸ்டஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு, அம்மா கழுவிக் கவிழ்த்திருந்த மண்சட்டி இரண்டையும் நொறுக்கிவிட்டு, நிலத்தில் பிளந்து கிடந்தது. விளக்கைப் போட்டு அண்ணாந்து பார்த்தேன். ஒரு சாண் அகலத்தில் ஓட்டை. அதன் விளிம்பில் வெண்ணிற நார்கள் மயிர்போல நீட்டிக்கொண்டிருந்தன. அடுப்பின் மேலும் அரிசிப் பெட்டியின் மேலும் சாம்பல் நிறத் தூள். பழத்தைத் தூக்கக் குனிந்த அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். நான் பயந்தது ஓட்டைக்கல்ல, அந்தத் தூளுக்கு.

மறுநாள் கனடாவின் கால்கரியில் இருக்கும் தம்பியோடு பேசினேன். 2020 ஜூன் 13ஆம் திகதி வடகிழக்குக் கால்கரியைத் தாக்கிய ஆலங்கட்டி மழையில் தன் வீட்டுக் கூரையைப் பறிகொடுத்தவன் அவன். அதன் பிறகு நாலாம் வகுப்புச் சிங்கிள்ஸ், அதாவது தாரால் ஆன கூரைத் துண்டுகள், போட்டிருக்கிறானாம். அதையே இங்கேயும் போடுவோம், காசு அனுப்புகிறேன் என்றான். அன்போடு சொன்னான். ஆனால், அங்கே சரியான கூரை இங்கே சரியாகுமா என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் விடை இருக்கவில்லை. அந்த விடையைத் தேடி ஓடாவியாரோடும் மேசனோடும் கடைக்காரரோடும் அலைந்து அறிந்துகொண்டதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி ஊரில் வீடு கட்டுவிப்பவர்களும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கூரையும் என்றோ ஒருநாள் அடிபடும். அடிபட்டால் என்ன நடக்கும், வீட்டுக்குள் என்ன விழும், எவ்வளவு நேரத்தில், யாரால், எவ்வளவு செலவில் திருத்த முடியும் என்ற கேள்விகளைக் கேட்டுத்தான் கூரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் யாரும் இவற்றைக் கேட்பதில்லை. நிறத்தையும் விலையையும்தான் கேட்கிறோம்.

முதற்படி: அண்ணாந்து பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் வீட்டின் படத்தை மேலிருந்து பார்ப்பதுபோல வரையுங்கள். சுற்றியுள்ள தென்னை, பனை, மா, வேம்பு எல்லாவற்றையும் குறியுங்கள். பனையென்றால் ஆணா பெண்ணா என்றும் எழுதுங்கள். ஆண்பனையிலிருந்து பழம் விழாது. காவோலையும் மட்டையும்தான் விழும். பெண்பனை என்றால் ஆடியிலிருந்து புரட்டாதி வரை உங்கள் கூரைக்குச் சோதனைக்காலம். அந்த மாதங்களில்தான் சோளகமும் வீசுகிறது. சோளகம் தென்மேற்குக் காற்று என்பதால், வீட்டுக்குத் தெற்கிலும் மேற்கிலும் நிற்கும் மரங்களை இரண்டு முறை பாருங்கள். காற்றில் பழம் நேர்கீழே விழுவதில்லை. சில அடி தள்ளியே விழும். எங்கள் பனை குசினிச் சுவரிலிருந்து ஐந்தடி விலகித்தான் நின்றது.

பிறகு மழையும் புயலும். யாழ்ப்பாணத்துக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வருகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையையும் கடந்தே போனது. அந்த இரவைப் பற்றிச் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி ஆகியன கொட்டிய மழையை நாமே பார்த்தோம். ஆக, இங்கே கூரை மேலிருந்து விழுவதைத் தாங்க வேண்டும். கீழிருந்து காற்று தூக்குவதையும் தாங்க வேண்டும். நாட்கணக்கில் சாய்வாக அடிக்கும் மழையையும் தாங்க வேண்டும். ஆலங்கட்டி இங்கே அரிது. எங்கள் ஆலங்கட்டி பனையிலும் தென்னையிலும் காய்க்கிறது.

மூன்றாவதாகக் கடல். குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கு வெகுதூரம் இல்லை. காற்றில் வரும் உப்பு இரும்பைத் தின்னும். கடற்கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் வீடு என்றால் அதையும் தாளில் பெரிதாக எழுதிவையுங்கள். தகட்டுக் கூரையைப் பற்றிய முடிவை அது மாற்றும்.

நாலாம் வகுப்பு என்றால் என்ன?

தம்பி சொன்ன நாலாம் வகுப்பு என்பது யூ.எல். 2218 என்ற அமெரிக்கச் சோதனையின் மிக உயர்ந்த தரம். சோதனை எளிமையானது. உருக்குக் குண்டொன்றைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து கூரைத் துண்டின் மேல் போடுவார்கள். அதே இடத்தில் இன்னொரு முறையும் போடுவார்கள். முதலாம் வகுப்புக்கு ஒன்றேகால் அங்குலக் குண்டு, 12 அடி உயரம். இரண்டாம் வகுப்புக்கு ஒன்றரை அங்குலம், 15 அடி. மூன்றாம் வகுப்புக்கு ஒன்றேமுக்கால் அங்குலம், 17 அடி. நாலாம் வகுப்புக்கு 2 அங்குலக் குண்டு, 20 அடி. பிறகு அந்தத் துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் கிழிசலோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் தேர்ச்சி. மேற்பக்கம் பள்ளம் விழுந்தாலும் பரவாயில்லை.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் போடுவோம். 2 அங்குல உருக்குக் குண்டு ஏறத்தாழ 540 கிராம். 20 அடியிலிருந்து விழும்போது அதன் மோதல் ஆற்றல் 32 ஜூல் அளவில் இருக்கும். உரிக்காத தேங்காயோ பனம்பழமோ ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பாரமானவையும் உண்டு. கூரைக்கு மேலே 10 மீட்டர், அதாவது 33 அடி உயரத்திலிருந்து விழுந்தால் ஆற்றல் 147 ஜூல். நாலாம் வகுப்புக் குண்டைப்போல நாலரை மடங்கு. தேங்காய்க்குத் தும்புமட்டை மெத்தைபோல இருக்கிறது. பனம்பழமும் உருக்கைவிட மென்மையானது. அதனால் சேதமும் நாலரை மடங்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஆலங்கட்டிக்கு வாங்கிய சான்றிதழ் பனைக்கு உத்தரவாதம் ஆகாது என்பது தெளிவு.

தார்ச் சிங்கிள்ஸை இங்கே நான் வேண்டாம் என்று சொல்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. அதைத் தனியாகச் சிலாகையில், அதாவது ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில், அடிக்க முடியாது. கீழே கூரை முழுவதும் ஒட்டுப்பலகை விரிக்க வேண்டும். நம் ஈரப்பதத்துக்கும் கறையானுக்கும் அந்தப் பலகையைக் காப்பாற்றுவது பெரும்பாடு. தார் வெயிலில் இளகும். ஆண்டு முழுவதும் சுடும் வெயில் அதன் ஆயுளைக் குறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு துண்டு கிழிந்தால் மாற்றுத் துண்டுக்கும் அதைப் பொருத்தத் தெரிந்தவருக்கும் எங்கே போவது? நெல்லியடிச் சந்தியில் ஓடு கிடைக்கும். சிங்கிள்ஸ் கிடைக்காது.

எந்தக் கூரை எப்படி அடி வாங்குகிறது?

மண் ஓட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் மனம் அதன் பக்கம்தான். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் உருவான அச்சைத்தான் நாம் இன்னும் கல்லிக்கோட்டை ஓடு, மங்களூர் ஓடு என்று சொல்கிறோம். பழைய நாற்சார் வீடுகளில் நூறு வயது கடந்த ஓடுகள் இன்னும் மழையைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒருகாலத்தில் ஒட்டுசுட்டானிலும் ஓட்டுத் தொழிற்சாலை இயங்கியது. இப்போது தங்கொட்டுவை, வென்னப்புவைப் பக்கமிருந்து லொறியில் வருகிறது.

பனம்பழம் விழுந்தால் ஓடு உடையும். அதில் சந்தேகமில்லை. ஆனால் உடைவது ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. வெடிப்பு பக்கத்து ஓட்டுக்குப் பரவாது. மேலோட்டைச் சற்றுத் தூக்கி, உடைந்ததை உருவி, புதியதைச் செருகப் பத்து நிமிடம் போதும். ஏணியும் ஓர் ஆளும் இருந்தால் சரி. 1990களில் சீமெந்தும் இரும்பும் குடாநாட்டுக்கு வரத் தடை இருந்த காலத்தில், இடிந்த வீட்டு ஓடுகளைப் பொறுக்கி அடுத்த வீட்டைக் காப்பாற்றினோம். வேறெந்தக் கூரையாலும் அது முடிந்திருக்காது.

ஓட்டின் குறை, உடைந்த சில்லு வீட்டுக்குள் விழுவது. தொட்டிலும் கட்டிலும் இருக்கும் அறைக்கு மேலே மரம் நின்றால், ஓட்டுக்குக் கீழே ஓர் அடுக்கு கட்டாயம் வேண்டும். பலகை அடிக்கலாம். அதைவிடச் சிக்கனமானது, கூரைச் சாய்வைத் தாங்கும் கைமரத்தின் மேல் மெல்லிய அலுமினிய-நாகப் (துத்தநாகப்) பூச்சுத் தகட்டை விரித்து, அதன் மேல் கைமரத்தின் போக்கிலேயே ஒரு சிலாகையும் அதற்குக் குறுக்கே ஓட்டுச் சிலாகையும் அடித்து, பிறகு ஓடு வேய்வது. முதற்சிலாகையை விட்டுவிட்டால் ஒழுகிய நீர் தேங்கி மரத்தை உக்க வைக்கும். இந்த இரட்டைக் கூரையில் ஓடு உடைந்தாலும் சில்லும் மழையும் தகட்டில் தங்கி வழிந்துவிடும். விடியும் வரை நிம்மதியாகத் தூங்கலாம். செலவு கூடும். படுக்கை அறைகளுக்கு மட்டும் செய்தாலும் போதும்.

அஸ்பெஸ்டஸ் பற்றிச் சுருக்கமாகவும் உறுதியாகவும் சொல்கிறேன்: புதிதாகப் போடாதீர்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நார் நுரையீரலுக்குள் போய் இருபது, முப்பது வருடங்களுக்குப் பிறகுகூட நோயாக வெளிப்படலாம். முழுதாக இருக்கும் கூரை உடனடி ஆபத்தல்ல. உடையும்போதும் அறுக்கும்போதும்தான் தூள் பறக்கிறது. மரத்தின் கீழ் அதைப் போடுவது, உடையப்போவது தெரிந்தே போடுவது. ஏற்கெனவே இருந்தால், கழற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியையோ போல்ட்டையோ வெட்டி, தகட்டை முழுதாக இறக்குங்கள். கிரைண்டரால் அறுக்க வேண்டாம். மேலிருந்து கீழே போட்டு உடைக்க வேண்டாம். முகக்கவசம் போடுங்கள். விழுந்த தூளைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துப் பொலித்தீனில் கட்டுங்கள். எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதைப் பிரதேச சபையிடம் கேட்டுச் செய்யுங்கள். தோட்டத்துப் பாத்திக்கு வரம்பாக அந்த உடைந்த துண்டுகளை நட்டு வைத்திருப்பதைப் பல வளவுகளில் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

உலோகத் தகடு பனம்பழத்துக்கு நெளியும், ஆனால் எளிதில் ஓட்டையாகாது. தடிப்பும் கீழுள்ள சட்டங்களின் இடைவெளியும்தான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. எங்கள் குசினிக்கு இறுதியில் 0.47 மில்லிமீட்டர்த் தகட்டைத்தான் போட்டோம். வழக்கமான நாலடிக்குப் பதிலாக இரண்டரை அடிக்கு ஒரு சட்டம். அதற்குப் பிறகு இரண்டு பழங்கள் விழுந்திருக்கின்றன. ஏறிப் பார்த்தேன்: உள்ளங்கை அகலத்தில், சுண்டுவிரல் நகம் மூழ்கும் ஆழத்தில் ஒரு பள்ளம், மற்றது இன்னும் சிறியது. ஒழுக்கு இல்லை. பள்ளத்தில் நிறப்பூச்சு மயிரிழையாக வெடித்திருந்ததால் துடைத்துப் பூச்சு அடித்துவிட்டேன்; விட்டால் உப்புக்காற்று அங்கேதான் நுழையும். மழைச் சத்தமும் வெயிலின் சூடும் தகட்டின் குறைகள். குசினிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் பொறுத்துக்கொள்ளலாம். படுக்கையறைக்குக் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும்.

கொங்கிறீற் தட்டுக்குப் பனம்பழம் ஒரு பொருட்டே அல்ல. நாலரை ஐந்து அங்குலத் தட்டில் பழம்தான் சிதறும். மரத்தை அகற்ற மனமில்லாதவர்கள் மரத்தின் கீழ் வரும் பகுதிக்கு மட்டும் தட்டு போட்டுவிட்டு மீதியை ஓட்டால் வேயலாம். மணலில் மட்டும் கண்ணாக இருங்கள். கடற்கரை மணலின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கீழ்ப்பக்கக் கொங்கிறீற்றைப் பாளம் பாளமாகத் தள்ளும். மேலிருந்து விழுவதைத் தடுக்கக் கட்டிய தட்டே பிறகு தலையில் விழும்.

கிடுகையும் பனையோலையையும் சொல்லாமல் போக முடியவில்லை. அடியை வாங்கி உறிஞ்சுவதில் அவற்றுக்கு இணையே இல்லை. என் பாட்டியின் ஓலை வீட்டில் தேங்காய் விழுந்தால் 'தொம்' என்றொரு சத்தம், பிறகு முற்றத்தில் உருளும் சத்தம், அவ்வளவுதான். நெருப்புப் பயமும் அடிக்கடி வேயும் வேலையும் இருப்பதால் வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கொட்டிலுக்கு ஓலை கிடைத்தால் வேயுங்கள்.

வாங்கும்போது சோதிப்பது

ஓடு வாங்கும்போது கடைக்காரர் எடுத்துத் தரும் ஓட்டைப் பார்க்காதீர்கள். அடுக்கின் நடுவிலிருந்து நீங்களே பத்து ஓடுகளை உருவுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு கையில் தொங்கவிட்டு மறுகை மொளியால் தட்டுங்கள். நன்றாகச் சுட்ட ஓடு மணிபோல ஒலிக்கும். அரைவேக்காடும் உள்வெடிப்பும் பொத்தென்று ஒலிக்கும். பத்தில் இரண்டு பொத்தென்றால் அந்த அடுக்கை விட்டுவிடுங்கள். அடுத்து மூன்று ஓடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைத்து நிறுங்கள். ஒருநாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் நிறுங்கள். கல்லிக்கோட்டை ஓடு காய்ந்த நிலையில் இரண்டு முதல் இரண்டரைக் கிலோ இருக்கும். ஊறியபின் 400 கிராமுக்கு மேல் கூடினால் அது மழையைக் குடிக்கிற ஓடு. பாசி பிடிக்கும், கைமரத்துக்குப் பாரம் ஏற்றும், நாளடைவில் பலமிழக்கும். எங்கள் மேசன் இன்னொன்றும் செய்வார்: இரண்டு செங்கல்லின் மேல் ஓட்டைக் குறுக்கே வைத்து ஏறி நிற்பார். பொய் சொல்லாத சோதனை அது. கீழ்ப்பக்கத்தில் கம்பி கட்டும் காது உடையாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதைக் கவனிப்பவர்கள் குறைவு. புயலன்று தேவைப்படுவது அதுதான்.

கணக்கு: 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 ஓடு. சாய்வோடு அளக்க வேண்டும், வீட்டின் தரைப்பரப்பை அல்ல.

தகடு என்றால், கீழ்ப்பக்கத்தில் அச்சடித்திருக்கும் வரியை வாசியுங்கள். 0.47 என்பது பூச்சையும் சேர்த்த தடிப்பு; அதற்குள் இருக்கும் உருக்கு ஏறத்தாழ 0.42தான். சிலர் 0.35 தகட்டை "அதே தகடுதான்" என்று சொல்லி விற்பார்கள். அதே தகடு அல்ல. பழம் விழுந்தால் வித்தியாசம் தெரியும். எழுத்தை நம்ப முடியாவிட்டால் மைக்ரோமீட்டர் வைத்திருக்கும் பட்டறைக்காரரைக் கூட்டிப்போங்கள். பூச்சின் அளவையும் கேளுங்கள்: அலுமினிய-நாகப் பூச்சில் 55 வீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் நாகம். ஒரு சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு என்பது நல்ல அளவு. கடலுக்கு அண்மையில் இருப்பவர்கள் இதிலும் குறைந்ததை வாங்க வேண்டாம்; அலை கேட்கும் தூரத்தில் வீடு என்றால் தகட்டை விட்டு ஓட்டுக்கே போய்விடுங்கள்.

கூரைக்குக் கீழே இருப்பது

100 சதுர அடி ஓட்டின் எடை முந்நூறு கிலோவுக்கு மேல்; அதே பரப்புக்குத் தகடு நாற்பது, நாற்பத்தைந்து கிலோ. பழைய தகட்டுக் கூரையின் மரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஓடு போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு மாரியில் கூரை நடுவில் தாழ்ந்துவிடும். தாழ்ந்த இடத்தில் ஓடுகளின் பூட்டு விலகி மழை நுழையும். நல்ல ஓடாவியார் ஒருவரைக் கூட்டிவந்து வளை, கைமரம், சிலாகை மூன்றையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வைரம் பாய்ந்த பனஞ்சிலாகைக்கு நிகராக இன்றும் எதையும் நான் காணவில்லை. முதிர்ந்த மரத்தின் கறுத்த வெளிப்பகுதியாக இருக்க வேண்டும். உள்சோற்றியை முழுவதும் செதுக்கி எடுத்திருக்க வேண்டும். சோற்றி ஒட்டியிருந்தால் புழு அங்கே தொடங்கும். இளம் மரத்தை அறுத்துக் கறுப்பு எண்ணெய் பூசி விற்பதும் நடக்கிறது. நுனியில் ஓர் அங்குலம் அறுத்துப் பார்த்தால் உண்மை தெரியும்: வைரமுள்ள மரத்தில் கறுப்பு நார்கள் நெருங்கி நிற்கும்.

சாய்வு: ஓட்டுக்கு 26 பாகைக்குக் குறையக் கூடாது, அதாவது இரண்டடிக்கு ஓரடி உயரம், வாடைமழை சாய்ந்து அடிப்பதால் 30 என்றால் இன்னும் நல்லது. செலவைக் குறைக்கச் சாய்வைக் குறைத்தால் ஓடு எவ்வளவு நல்லதானாலும் ஒழுகும். சாய்வு கூடினால் விழும் பழமும் நேராகத் தாக்காமல் சறுக்கிப் போகும்.

காற்றுக்கு முன் கட்டிவைப்பது

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. கூரையின் மூலைகளிலும் விளிம்புகளிலும் முகட்டிலும் காற்று மேல்நோக்கி உறிஞ்சும். அங்கே இழுப்பு இதைப்போல இரு மடங்குகூட ஆகலாம். சதுர மீட்டருக்கு முப்பத்தைந்து கிலோ எடையுள்ள ஓடே தூக்கப்படும் என்றால், ஐந்து கிலோவுக்கும் குறைந்த தகட்டின் கதியை நினைத்துப் பாருங்கள். தகட்டுக் கூரையைத் தாங்கிப் பிடிப்பது அதன் எடை அல்ல, திருகாணிகள் மட்டுமே.

ஆகவே ஓட்டுக் கூரையில் தாழ்வார வரிசை இரண்டு, பக்க விளிம்புகள், முகட்டின் இருபுறமும் உள்ள வரிசை ஆகியவற்றில் ஒவ்வோர் ஓட்டையும் செப்புக் கம்பியால் சிலாகையோடு கட்டுங்கள். நடுப்பகுதியில் மூன்று வரிசைக்கு ஒரு வரிசை போதும். முகட்டோட்டுக்குச் சாந்தை அளவாகப் பூசுங்கள். பாரமாகப் பூசினால் வெடித்து விலகும்.

தகட்டில் ஆணி அடிக்க வேண்டாம். காற்று தகட்டை மேலும் கீழும் அசைக்க அசைக்க ஆணி சிறிது சிறிதாகக் கழன்றுவிடும். றப்பர் வளையம் வைத்த திருகாணியைத் தகட்டு மேட்டில் இறக்குங்கள். பள்ளத்தில் நீர் ஓடும். வளையம் சற்றே அமுங்கும் வரை இறுக்கினால் போதும். பிதுங்கும் வரை இறுக்கினால் இரண்டு வருட வெயிலில் வெடிக்கும். விளிம்புகளிலும் மூலைகளிலும் ஒவ்வொரு மேட்டிலும் திருகாணி வேண்டும். 1974ஆம் ஆண்டு நத்தாரன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தகர்த்த டிரேசி புயலுக்குப் பிறகு ஆராய்ந்தபோது, பெரும்பாலான தகடுகள் திருகாணியைச் சுற்றித் திரும்பத் திரும்ப வளைந்து வெடித்தே பறந்தன என்று கண்டார்கள். அதன் விளைவுதான் அகலமான புயல் வளையங்கள். கிடைத்தால் விளிம்பு வரிசைகளுக்காவது வாங்குங்கள்.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள், இரண்டும் நம் ஊரில் வழக்கமாக நடக்கும் பிழைகள். தகடு சுவரில் முட்டும் இடத்தைச் சீமெந்துச் சாந்தால் அடைக்காதீர்கள். சீமெந்தின் காரம் அலுமினிய-நாகப் பூச்சை அரித்துவிடும். துளையிட்ட இரும்புத்தூளை அன்று மாலையே மெல்லிய தூரிகையால் கூட்டிவிடுங்கள். ஓர் இரவுப் பனியில் அது துருப்பிடித்துத் தகட்டில் கறையாகும்.

எல்லாவற்றுக்கும் அடியில் கைமரம் சுவரோடு பிணைந்திருக்க வேண்டும். சுவரின் மேல் கொங்கிறீற் வளையம் போடும்போதே நாலடிக்கு ஒரு கம்பியை மேலே நீட்டிவிட்டு, கைமரத்தைச் சுற்றி வளைத்துவிடச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து கட்டுவிப்பவர்கள் இந்தக் கட்டத்தில் ஒரு புகைப்படம் கேளுங்கள். ஓடு வேய்ந்த பிறகு இந்தக் கம்பி இருக்கிறதா இல்லையா என்று எவராலும் பார்க்க முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு

கால்கரிபோல ஆலங்கட்டி விழும் ஊரில் இருப்பவர்களுக்குத் தம்பியின் அனுபவத்திலிருந்து சில வரிகள். 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதியும் அந்த நகரம் பெரும் ஆலங்கட்டி மழையைக் கண்டது. திரும்ப வராது என்று இருக்க முடியாது. சிங்கிள்ஸ் கட்டில் யூ.எல். 2218 நாலாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "கனமானது" என்ற வாய்ச்சொல் போதாது. தாரோடு றப்பர்போன்ற எஸ்.பி.எஸ். கலந்த வகை குளிரிலும் நெகிழும் என்பதால் அடியை நன்றாக வாங்கும். காப்புறுதிப் பத்திரத்தைக் கூரை போடும் முன் வாசியுங்கள்: சில நிறுவனங்கள் நாலாம் வகுப்புக்குக் கட்டணம் குறைக்கும், ஆனால் தோற்றத்தை மட்டும் கெடுக்கும் பள்ளங்களுக்கு இழப்பீடு இல்லை என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடும். மழைக்குப் பிறகு பீலியில் கருமணல்போலத் துகள்கள் குவிந்திருந்தால், கூரையில் ஓட்டை தெரியாவிட்டாலும் பரிசோதிப்பவரை அழையுங்கள்.

ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டியவை

ஆனி மாதத்துக்குள் தேங்காய் பறிப்பவரைக் கூப்பிட்டு, வீட்டின் பக்கம் சாய்ந்த குலைகளையும் காய்ந்த மட்டைகளையும் இறக்குங்கள். பெண்பனையில் நுங்குக் காலத்திலேயே வீட்டுப் பக்கத்துக் குலைகளை வெட்டிவிட்டால் ஆவணியில் பழம் விழாது. பிள்ளைகளுக்கு நுங்கும் ஆயிற்று. மரத்தையே தறிக்க நினைப்பவர்கள் பிரதேச செயலகத்தில் அனுமதி பெற வேண்டும். அதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். எங்கள் பனையை நாங்கள் தறிக்கவில்லை. கூரையை மாற்றினோம், குலையை வெட்டுகிறோம், அது இன்னும் நிற்கிறது.

புரட்டாதியில் ஓர் ஆளை ஏற்றிப் பீலியையும் கூரை மடிப்புகளையும் கூட்டுங்கள். ஓட்டில் நடக்கும்போது சிலாகை இருக்கும் இடத்தில், ஓட்டின் கீழ்விளிம்பில் கால் வைக்கச் சொல்லுங்கள். பனம்பழம் உடைப்பதைவிட ஏறியவர் உடைப்பது அதிகம். தகட்டில் திருகாணி வளையங்களைப் பார்த்து, வெடித்தவற்றை மாற்றுங்கள்.

ஓடு வாங்கும் நாளிலேயே ஐம்பது ஓடும் பத்து முகட்டோடும் கூடுதலாக வாங்கி, கிணற்றடிப் பக்கச் சுவரோரம் நிறுத்தி அடுக்கிவையுங்கள். அச்சுக்கு அச்சு ஓட்டின் பூட்டு சற்று மாறும். ஐந்து வருடம் கழித்து வாங்கும் ஓடு பழைய ஓட்டோடு பொருந்தாமல் போகலாம். எந்தச் சூளையின் ஓடு என்பதை, பின்பக்க முத்திரையைப் பார்த்து, வீட்டுப் பத்திரங்களோடு ஒரு துண்டில் எழுதிவையுங்கள். ஏணியைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்திருந்தால், ஆடி பிறக்கும் முன் திருப்பி வாங்கிவிடுங்கள்.